வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிப்பிக் காளான்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

காளான் பை சரியாக வரவில்லை என்றதும் பலரின் கை நேராகத் தண்ணீர் தெளிப்பானுக்குப் போகிறது. முதலில் அதைக் கீழே வையுங்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டிவிடும். இங்கே வீட்டுக் காளானுக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் புதுக்காற்றும் குளுமையும்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் பையில் தெரியும் அறிகுறியைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில் வரும், பையையே மாற்றவேண்டியது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இங்கே சொல்வது ஒரு கிலோ அளவுள்ள சாம்பல் சிப்பிக் காளான் பைக்கு. கடையில் வாங்கிய மரத்தூள் பையானாலும் சரி, நீங்களே வைக்கோல் அடைத்ததானாலும் சரி. பால் காளானுக்கும் இளஞ்சிவப்புச் சிப்பிக்கும் மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கோளாறு என்று முடிவுகட்டுவதற்கு முன் நாட்களை எண்ணுங்கள். வித்து, அதாவது காளான் இழை படர்ந்த தானியம், இட்ட 14 முதல் 20 நாளில் வெள்ளை இழை பரவிப் பை முழுக்க வெளுக்கும். வெட்டித் திறந்த 3 முதல் 7 நாளில் மொட்டு. மொட்டு கண்ட 4, 5 நாளில் பறிப்பு. அடுத்த மொட்டுக்கு ஒன்றரை வாரம் வரை ஆகலாம். இந்தக் கணக்குக்குள் இருந்தால் பையைத் தொடாமல் விடுவதே வைத்தியம்.

கைவசம் இருக்கவேண்டியவை: சமையலறை வெப்பமானி, சிறிய ஈரமானி, தராசு, டார்ச், 70 விழுக்காட்டு ஆல்கஹால், காகித மருத்துவ டேப், ஓர் ஊதுபத்தி.

ஒரு வாரம் ஆகியும் வெள்ளை பரவவில்லை

*பையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது*

இழை வளரும்போது தானே சூட்டைக் கக்கும். பைக்குள் அறையைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு அறையே 32 டிகிரி என்றால் உள்ளே 35ஐத் தொட்டுவிடும், அங்கே இழை நின்றுபோகும். இரண்டு பைகளை ஒட்டி வைத்து நடுவில் வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 32க்கு மேல் காட்டினால் இடத்தை மாற்றுங்கள். குளிர்பதனப் பெட்டியின் தலை, மேற்கு வெயில் படும் சன்னலோரம், கூரையை ஒட்டிய அலமாரி மூன்றும் கூடாது. தரை ஓடு நல்ல இடம். பைக்குப் பை நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

*வைக்கோல் சொதசொதவென்று இருக்கிறது*

நீங்களே அடைத்த பை என்றால் மிச்ச வைக்கோலில் ஒரு பிடி எடுத்து முழுப் பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான ஈரம். நூலாக ஒழுகினால் அதிகம். பையின் அடியில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை குத்தி ஒரு நாள் தொங்கவிடுங்கள். நீர் வடிந்தபின் முகர்ந்து பாருங்கள். மண்வாசனையோ காளான் வாசனையோ வந்தால் பிழைக்கும். புளித்த கஞ்சி வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் பாக்டீரியா பிடித்துவிட்டது, அதை மீட்க வழியில்லை.

*பிழிந்தால் ஒன்றுமே வரவில்லை*

இது அபூர்வம். ஏர்கான் அறையில் வாய் திறந்து கிடந்த பைக்குத்தான் வரும். மேலே தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அடியில் தேங்கும். வித்து இன்னும் உயிரோடு இருக்கும் முதல் மூன்று நாளுக்குள் என்றால் சுத்தமான கையால் கொட்டி, கொதித்து ஆறிய நீரைத் தெளித்துப் பிசறி மறுபடி அடைக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் புதிதாகத் தொடங்குவதே மேல்.

*சூடும் ஈரமும் சரிதான், ஆனாலும் அசையவில்லை*

சந்தேகம் இப்போது வித்தின் மேல். ஓர் அட்டைப்பெட்டித் துண்டை அரைமணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியதும் பிழிந்து, வெந்நீரில் கழுவிய கண்ணாடிச் சீசாவில் போடுங்கள். அதன்மேல் ஒரு தேக்கரண்டி வித்து. மூடியைத் தளர்வாக வையுங்கள். ஐந்து நாளில் தானியத்தைச் சுற்றிப் பஞ்சுபோல வெளுத்தால் வித்து நல்லது, தவறு வைக்கோலை வெந்நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியதில். வெளுக்காவிட்டால் வித்து செத்தது. படமெடுத்து, வாங்கிய தேதியுடன் விற்றவருக்கு அனுப்பி மாற்றித் தரக் கேளுங்கள். கடைப் பை என்றால் அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே காட்டுங்கள். பிரித்த பைக்கு அவர்களால் பொறுப்பேற்க முடியாது.

வெள்ளையைத் தவிர வேறு நிறம் தெரிகிறது

*மஞ்சள் அல்லது தேன்நிற நீர்த்துளி*

பை வெளுத்து முதிர்ந்தபின் வந்தால் பயமில்லை. இழை தானே சுரப்பது. பாதி வெளுத்த பையில் நிறையச் சுரந்தால், உள்ளே அது ஏதோ ஒரு பகையோடு மல்லுக்கு நிற்கிறது என்று பொருள். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

*பச்சை*

இதுதான் வீட்டுக் காளானின் முதல் எதிரி. டிரைக்கோடெர்மா என்ற பூசணம் முதலில் வெள்ளையாகவே வந்து, இரண்டு மூன்று நாளில் பச்சைப் பொடியாகும். ஆகவே முதல் நாளில் ஏமாறுவது எளிது. திறந்த இடத்தில் நிறம் தெரிந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் பச்சை ஒட்டினால் பூசணம். ஒட்டாமல் நீலச்சாயலாக இருந்தால் விட்டுவிடலாம்.

பை முழுக்க வெளுத்தபின், வெட்டிய வாயருகே ஒரு வெள்ளி நாணயத்துக்கும் சிறிதாகப் பச்சை வந்தால் போராடிப் பார்க்கலாம். ஆல்கஹால் பஞ்சை அதன்மேல் போர்த்தி, அப்படியே பொடி பறக்காமல் பிதுக்கி எடுத்து, அந்த இடத்தில் சமையல் உப்பை அப்புங்கள். தெளிப்பதை ஐந்து நாள் நிறுத்துங்கள். மறுபடி தலைகாட்டினால் முடிந்தது.

பை பாதிகூட வெளுக்காத நிலையில் பச்சை வந்தால், அல்லது இரண்டு மூன்று இடத்தில் தெரிந்தால், திறக்கவே வேண்டாம். இன்னொரு பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புங்கள். இங்கே மனம் இரங்கி இரண்டு நாள் வைத்திருந்தால் பக்கத்துப் பையும் சேர்ந்து போகும்.

அடுத்தடுத்த பைகளிலும் பச்சை வந்தால் காரணம் நீங்கள் பதப்படுத்தும் முறையில் இருக்கிறது. இங்கே வைக்கோல் எளிதில் கிடைக்காததால் செல்லப்பிராணிக் கடையின் முயல் புல்லையே பலரும் எடுக்கிறார்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் நீளமாகவே ஊறவைத்தால் நடுவில் சூடு ஏறாது. இரண்டு அங்குலமாக நறுக்குங்கள். 600 கிராம் உலர்ந்த புல்லுக்கு ஒரு பெரிய ஐஸ் பெட்டியில் கொதிநீர் 8 லிட்டர், குழாய் நீர் 4 லிட்டர். இந்தக் கலவை ஏறத்தாழ 75 டிகிரி வரும். புல்லை முழுக்க அமிழ்த்தி, மேலே தட்டு வைத்து அழுத்தி, மூடி ஒன்றரை மணி நேரம். முடிவில் வெப்பமானி 65க்குக் கீழ் காட்டினால் அந்தத் தடவை செல்லாது, வெந்நீரைக் கூட்டி மறுபடி செய்யவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புல்லைச் சல்லடையில் வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியபிறகே வித்திடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு இட்ட வித்து வெந்துபோகும்.

அடுப்பே வேண்டாம் என்பவர்கள் சுண்ணாம்பில் ஊறவைக்கலாம். தேக்காவின் வெற்றிலைக் கடைகளில் விற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும், இளஞ்சிவப்பு நிறம் சேர்த்தது வேண்டாம். அது ஈரக்களிம்பு என்பதால் லிட்டருக்கு 6 கிராம். உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்புத் தூள் என்றால் 3 கிராம். 12 முதல் 18 மணி நேரம் ஊறட்டும். கையுறை கட்டாயம், கண்ணில் தெறிக்கவே கூடாது. முட்டை ஓட்டுத் தூளும் தோட்டக்கடைச் சுண்ணாம்புக்கல் தூளும் இதற்கு உதவாது. அவற்றுக்கு அந்தக் காரம் கிடையாது.

வித்தின் அளவையும் பாருங்கள். பிழிந்து வடித்த ஈரப்புல் ஒன்றரைக் கிலோவுக்கு 150 கிராம் வித்து போட்டால் பூசணத்துக்கு இடம் கிடைப்பதற்குள் காளான் இழை பரவிவிடும். மிச்சம் பிடிக்க 40 கிராம் தூவினால் பந்தயத்தில் தோற்கும். காப்பிச் சக்கை சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காப்பிக்கடைக் கொட்டை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவது. அன்றைய சக்கையை அன்றே, அதுவும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து, புல்லோடு சேர்த்துப் பதப்படுத்துங்கள். முந்தாநாள் சக்கை என்றால் அதிலேயே பூசணம் குடியேறியிருக்கும்.

*ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் தூள்*

நியூரோஸ்போரா. பச்சையைவிட வேகம். காலையில் புள்ளியாக இருந்தது மாலைக்குள் பையின் வாய்க்கு வெளியே பொங்கும். வெப்பநாட்டில் காளான் வளர்ப்போர் இதற்கு நடுங்குவார்கள். ஈரக் காகிதத்தால் மெல்ல மூடி, அசைக்காமல் இரட்டைப் பையில் கட்டி உடனே அப்புறப்படுத்துங்கள். அலமாரியையும் தரையையும் வெளுப்பான் கலந்த நீரால் துடையுங்கள். ஒரு மாதம் அந்த மூலையில் புதுப் பை வைக்காதீர்கள்.

*கருப்புத் தூள்*

முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறக்காமல் எறியுங்கள். ஆஸ்துமா உள்ளவர், கீமோ சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் அவர்கள் இதன் அருகே வரவே வேண்டாம். அந்த வீட்டில் காளான் வளர்க்கலாமா என்பதையே அவர்களின் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பை முழுக்க வெள்ளை, மொட்டு மட்டும் வரவில்லை

முதலில் பையின் அடிப்பாகத்தையும் நடுமுதுகையும் பாருங்கள். மேலே வெளுத்து, கீழே இன்னும் வைக்கோல் நிறம் தெரிந்தால் நீங்கள் சீக்கிரமே வெட்டிவிட்டீர்கள். வெட்டிய இடத்தைக் காகித டேப்பால் மூடி ஐந்து நாள் விடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். அலமாரிக் கதவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ இருந்தால் இழை பரவும், மொட்டு வராது. வெயில் வேண்டாம். விளக்கு போடாமல் ‘தமிழ் முரசு’ வாசிக்க முடிகிற இடம் என்றால் அந்த வெளிச்சம் போதும், நாளுக்கு 8 மணி நேரம்.

பிறகு வெட்டு. ஒரு கிலோ பைக்கு 5 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டு போதும். பிளாஸ்டிக்கை முழுக்க உரித்துவிட்டவர்களின் பையில் மேல்தோல் காய்ந்து தடித்திருக்கும். விரலால் தட்டினால் அட்டைபோல ஒலிக்கும். அந்தத் தோலைச் சுத்தமான முள்கரண்டியால் இலேசாகக் கீறி, ஈரத்துணியைத் தொடாமல் கூடாரம்போல மேலே பிடித்துவையுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் சூடு. இரவிலும் அறை 29 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் சாம்பல் சிப்பி தயங்கும். பையைக் குளிர்ந்த நீரில் மூன்று மணி நேரம் அமிழ்த்தி எடுத்து, அல்லது ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். இளஞ்சிவப்புச் சிப்பியையும் வைக்கோல் காளானையும் மறந்தும் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் இழை செத்துவிடும்.

பால் காளான் பையில் மொட்டு வராததற்கு நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஒரே காரணம்தான் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இது திரும்பத் திரும்ப நடக்கிறது: மேல்மண் போடவில்லை. வெளுத்த பையைக் குறுக்கே வெட்டி, வேகவைத்து ஆறிய மண்ணை 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி ஈரமாக வைத்தால்தான் அது மேலே வரும். தமிழ்நாட்டின் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஏபிகே 2 போன்ற பால் காளான் 30 முதல் 35 டிகிரியில் சுகமாக வளரும். உங்கள் வீடு மேற்குப் பார்த்த சூடான வீடு என்றால் சிப்பியோடு போராடுவதைவிடப் பால் காளானுக்கு மாறுவதே என் பரிந்துரை.

கடைசிக் காரணம் வகை. எனோக்கி, ஷிட்டாக்கே, அரச சிப்பி, குளிர்நாட்டுச் சிப்பி ஆகியவற்றின் வித்தை வாங்கிவிட்டால் நம் தட்பவெப்பத்தில் மொட்டு எதிர்பார்க்க முடியாது. அதற்காக இரவு பகலாக ஏர்கான் போட்டால் மின்கட்டணம் காளான் விலையைப் பல மடங்கு தாண்டும். விற்றவரிடம் எந்த வகை, எத்தனை டிகிரி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொட்டு வந்தது, வளராமல் நின்றுவிட்டது

நின்ற மொட்டைத் தொட்டுப் பாருங்கள். அதிலேயே விடை இருக்கிறது.

*காய்ந்து, கடினமாக, பழுப்பாக*

நேராக அடிக்கும் விசிறி அல்லது ஏர்கான். ஏர்கான் அறையில் ஈரப்பதம் 60க்கும் கீழே போய்விடும், மொட்டுக்கு 85 வேண்டும். பையை வெளியே எடுங்கள். விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சுவரில் பட்டுத் திரும்பும் காற்று மட்டும் வரும்படி செய்யுங்கள்.

*மெத்தென்று, ஈரமாக, மஞ்சளாக*

மொட்டின்மேலேயே தண்ணீர் அடித்திருக்கிறீர்கள். மொட்டை விரலால் திருகி எடுத்துவிட்டு, இனிப் பக்கத்துச் சுவருக்கும் கூடாரத் துணிக்கும் மட்டும் தெளியுங்கள். தெளித்த ஈரம் இரண்டு மூன்று மணி நேரத்தில் உலரவேண்டும். டிசம்பர், ஜனவரி மழை நாட்களில் ஈரமானி 85க்கு மேல் காட்டினால் தெளிக்கவே வேண்டாம்.

*சில வளர்கின்றன, சில நிற்கின்றன*

இது கோளாறு அல்ல. ஒரு கொத்தில் எல்லா மொட்டும் பெரிதாவதில்லை. கொத்தோடு சேர்த்துப் பறித்துவிடுங்கள்.

ஈரத்துக்காகப் பைக்கு அடியில் கூழாங்கல்லும் நீரும் உள்ள தட்டு வைக்கும் யோசனை வெளிநாட்டுக் காணொளிகளில் அடிக்கடி வரும். இங்கே செய்யாதீர்கள். இருபது காசு நாணயம் அளவு தேங்கிய நீரிலேயே ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுச் சோதனையில் கண்டால் அபராதம், அதைவிட டெங்கி வந்தால் குடும்பத்துக்கே துன்பம். தினமும் பிழிந்து மாற்றும் ஈரத்துணி அதே வேலையைச் செய்யும்.

காம்பு நீளம், குடை பட்டன் அளவு

எக்காளம்போல நீண்டு, நுனியில் சின்னக் குடை. அடியில் வெள்ளைப் பஞ்சு ஏறியிருந்தால் உறுதியாகவே இதுதான்: காளான் மூச்சுத் திணறுகிறது. நம்மைப்போலவே அதுவும் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அது வெளியேறாவிட்டால் காற்றைத் தேடிக் காம்பு நீளும். இந்த ஒன்றைத்தான் ஈரக்குறைவு என்று தவறாக நினைத்து மேலும் மூடி, மேலும் தெளித்து, கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஊதுபத்தி ஏற்றி, பையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். புகை நூல்போல நேராக மேலே போனால் அங்கே காற்று இல்லை. இலேசாகச் சாய்ந்து கலைந்தால் சரியான இடம். படுத்தே போனால் காற்று அதிகம், மொட்டு காயும். இந்தச் சோதனையை வீட்டின் நான்கு இடங்களில் செய்தால், சலவை இயந்திரம் வைக்கும் பின்கட்டு பெரும்பாலான வீவக வீடுகளில் வெற்றி பெறும். குளியலறை ஈரமாக இருக்கிறதே என்று அங்கே வைக்கிறவர்கள் உண்டு. கதவு மூடிய குளியலறையில் காற்றும் இல்லை, கழுவும் திரவத்தின் ஆவியும் சேரும். அடுப்புக்குப் பக்கமும் வேண்டாம்.

பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருந்தால் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் திறந்துவிடுங்கள். கரியமில வாயு கனமானது, கீழேதான் தங்கும். காலையும் மாலையும் கூடாரத்தைத் தூக்கி ஒரு நிமிடம் விசிறுங்கள். இரண்டு நாளில் புதிதாக வரும் குடைகள் அகலமாகும். ஏற்கெனவே நீண்டவை திரும்பாது. காம்பின் அடியை நறுக்கிவிட்டுக் குழம்பில் போடுங்கள், ருசிக்குக் குறைவில்லை.

புகைமூட்டக் காலத்தில் சன்னலை மூடித்தான் ஆகவேண்டும். அப்போது காளானுக்காக வீட்டாரின் நுரையீரலைப் பணயம் வைக்காதீர்கள். வெளுத்த பையை வெட்டாமல் வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கும். வானம் தெளிந்ததும் திறக்கலாம்.

பொது நடைபாதையில் காற்று நன்றாக இருக்கிறது என்று அங்கே கொண்டுபோகிறவர்கள், தீயின்போது ஓட 1.2 மீட்டர் அகல வழி விட்டாகவேண்டும் என்பதை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குடையின் விளிம்பு வெடிக்கிறது, அல்லது மஞ்சள் திட்டு விழுகிறது

வெடிப்பு என்றால் வறட்சி, விசிறியை நகர்த்துங்கள். ஈரப் பளபளப்புடன் மஞ்சளோ பழுப்போ திட்டுத் திட்டாக இருந்தால் குடைமேல் நீர் நின்று பாக்டீரியா வந்திருக்கிறது. அந்தக் கொத்தை எறிந்துவிட்டு, தெளிப்பதை நிறுத்திக் காற்றைக் கூட்டுங்கள். அடுத்த அறுவடை பெரும்பாலும் சுத்தமாக வரும்.

சின்ன ஈக்கள் சுற்றுகின்றன

பூச்சி ஒட்டும் மஞ்சள் அட்டை ஒன்றைப் பையருகே தொங்கவிட்டு இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள். நாலைந்து ஒட்டியிருந்தால் வெளியிலிருந்து வந்தவை. பையின் மற்ற ஓட்டைகளைக் காகித டேப்பால் மூடி, அருகிலுள்ள பூந்தொட்டிகளையும் பழக்கூடையையும் நகர்த்துங்கள். முப்பது நாற்பது ஒட்டியிருந்தால் பையைப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் பிளாஸ்டிக்கின் உட்புறம் கருந்தலைப் புழுக்கள் நெளிந்தால் அவை இழையைத் தின்கின்றன. அந்தப் பையை இரவோடு இரவாக வெளியேற்றுங்கள். முற்றும்வரை காத்திராமல் ஒரு நாள் முன்னதாகவே பறிப்பதும் ஈயைக் குறைக்கும். பூச்சி மருந்தை எக்காரணம் கொண்டும் தெளிக்காதீர்கள், காளான் அதை உறிஞ்சிக்கொள்ளும், நீங்கள் சாப்பிடப்போவது அதைத்தான். புழு இல்லாத வீட்டிலும் ஈக் கூட்டம் மாதக்கணக்கில் குறையாவிட்டால் ஊற்று வேறெங்கோ இருக்கிறது, தரைவடிகாலையும் தொட்டி மண்ணையும் பார்க்கப் பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடலாம்.

முதல் அறுவடை நன்று, இரண்டாவது வரவில்லை

பறித்த இடத்தில் காம்பின் அடிக்கட்டை மிஞ்சியிருந்தால் அது அழுகி வழியை அடைக்கும். கத்தியால் அறுக்காமல் கொத்தைப் பிடித்துத் திருகி எடுங்கள், மிச்சத்தைக் கரண்டியால் சுரண்டுங்கள்.

பிறகு எடை. தொடக்க எடையிலிருந்து பறித்த காளானின் எடையைக் கழித்துவிட்டு, அந்த மீதியைவிடப் பையின் இப்போதைய எடை கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தால் அது வறண்டுவிட்டது. வெட்டுவாய் கீழே இருக்கும்படி வாளி நீரில் 6 மணி நேரம் அமிழ்த்தி, ஒரு மணி நேரம் கவிழ்த்து வடியுங்கள். குழாய் நீரே போதும். எடை குறையாமலே மொட்டு வராவிட்டால் ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள்.

மூன்று அறுவடைக்குப் பிறகு பை சத்திழந்துவிடும். 500 கிராம் உலர் புல்லுக்கு மொத்தம் 300 முதல் 500 கிராம் காளான் கிடைத்திருந்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. பூசணம் இல்லாத சக்கையை உதிர்த்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போடலாம்.

அலமாரியில் வெள்ளைத் தூள், வீட்டில் இருமல்

தூள் என்பது முற்றிய குடை உதிர்க்கும் வித்துத்தூள். ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் பறக்கும். குடையின் விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும்போதே, தட்டையாவதற்கு முன் பறித்தால் இந்தத் தொல்லையே வராது. படுக்கையறையில் பை வேண்டாம்.

காளான் பக்கம் போன சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வந்து, விலகினால் குறைந்து, மறுபடி போனால் வருகிறது என்றால் சளி என்று மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாதீர்கள். வித்துத்தூள் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கக்கூடியது. பைகளை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், காளான் வளர்த்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

நட்டது ஒன்று, முளைத்தது வேறொன்று

ஒல்லிக் காம்பும் மணிவடிவக் குடையுமாக வந்து ஒரே நாளில் கருமையாக உருகினால் அது மைக்காளான். வைக்கோல் சரியாகச் சூடேறவில்லை என்பதற்கு அடையாளம். பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த முறை வெப்பமானியை நம்புங்கள்.

பழைய பையைக் கொட்டிய பூந்தொட்டியில் பளிச்சென்ற மஞ்சள் காளான் முளைத்தால் அது உங்கள் சிப்பி இல்லை. புல்வெளியில் மழைக்குப் பின் வரும் பெரிய வெள்ளைக் குடைகளில் வயிற்றைக் கலக்கும் நச்சு வகை இங்கே சாதாரணம். பையின் வெட்டுவாயிலிருந்து நேராக, கொத்தாக, குடைக்குக் கீழே உள்ள மெல்லிய மடிப்புகள் காம்பில் வழிந்திறங்கும்படி வந்தது மட்டுமே சமையலுக்கு. அதையும் பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவையுங்கள்.

சந்தேகமான காளானை யாராவது சாப்பிட்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில நச்சுகள் அரைநாள் கழித்தே வேலையைக் காட்டும். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் தொடங்கிவிட்டால் 995ஐ அழையுங்கள். மீதமிருக்கும் காளானையும், சமைத்தது ஒரு கரண்டியையும் காகிதப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.